விபத்தில் ஒரு கால் போன பிறகு ஹெல்த், லைஃப் இன்சூரன்ஸ் எடுக்க முடியுமா?

கேட்டிருப்பவர் புதுச்சேரிக்காரர். வயது 34, விபத்தில் முட்டிக்குக் கீழே ஒரு காலை எடுத்துவிட்டார்கள், இனி எந்தக் கம்பெனியாவது பாலிசி கொடுக்குமா என்கிறார். ஏற்கெனவே பதில் போட்ட இருவர் "கிடைக்காது சகோ, விட்டுடுங்க" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு கை சும்மா இருக்கவில்லை.

கிடைக்கும். எனக்குக் கிடைத்திருக்கிறது. எனக்கும் முட்டிக்குக் கீழேதான், இடது கால்.

உங்கள் நிலைமையை ஓரளவு ஊகிக்க முடிகிறது. புண் இப்போதுதான் ஆறியிருக்கும். செயற்கைக் காலுக்கு அளவெடுக்கத் தேதி கொடுத்திருப்பார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர் யாராவது "நீ முன்னாடியே ஒரு பாலிசி போட்டு வெச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, ஆரஞ்சுப் பழப் பையை வைத்துவிட்டுப் போயிருப்பார். அவர் பேச்சை விடுங்கள்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கலெக்டர் ஆபீஸ் மனு, சான்றிதழ், ஊனமுற்றோர் தனித்துவ அடையாள அட்டைக்கான ஆன்லைன் விண்ணப்பம் என்று அடுத்தவர் ஃபாரம் நிரப்பித்தான் என் பிழைப்பு. ஏஜென்ட் இல்லை, எந்தக் கம்பெனியிலும் எனக்குக் கமிஷன் இல்லை. கம்பெனிப் பெயரே எழுதப் போவதில்லை, அப்புறம் "விளம்பரம்" என்று யாராவது கிளம்பிவிடுவார்கள்.

விபத்து ரெட்டிச்சாவடி பக்கம், புதுச்சேரியிலிருந்து திரும்பும்போது. லாரி. அந்தக் கதை இங்கே வேண்டாம். பணக் கதையை மட்டும் சொல்கிறேன், அது உங்களுக்குப் பயன்படும். வண்டி இன்சூரன்ஸோடு சேர்த்து எடுக்கச் சொல்கிற 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதே, அதில் ஒரு கால் போனால் பாதி, அதாவது ஏழரை லட்சம். எனக்கு ஒரு பைசா வரவில்லை. ஸ்கூட்டி எங்க வீட்டுக்காரர் பேரில் இருந்தது. வண்டியின் சொந்தக்காரர், லைசென்ஸோடு தானே ஓட்டியிருந்தால்தான் அந்தக் காப்பீடு. ஊரில் பாதிப் பெண்கள் புருஷன் பேரிலோ அப்பா பேரிலோ இருக்கிற வண்டியைத்தான் ஓட்டுகிறோம், இதை யாரும் சொல்வதில்லை. எனக்குக் கைகொடுத்தது பேங்கில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிற பிரதம மந்திரி சுரக்ஷா பீமா. ஒரு கால் போனால் 1 லட்சம், இரண்டும் போனால் 2 லட்சம். உங்கள் பாஸ்புக்கில் மே கடைசி, ஜூன் முதல் வாரப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அந்த 20 ரூபாய் பிடித்திருந்தால் இன்றே பேங்குக்குப் போங்கள், எஃப்.ஐ.ஆர். நகலும் ஊனச் சான்றிதழும் கேட்பார்கள். காலம் தாழ்த்தினால் அதையே காரணம் காட்டுவார்கள்.

இனி உங்கள் கேள்வி. நான் எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு, கடைக்கு வந்துபோகிற தம்பி ஒருவர் "அக்கா, ஹெல்த் பாலிசி நான் போட்டுத் தரேன்" என்றார். போனில் ஓ.டி.பி. வந்தது, சொன்னேன். கொஞ்ச நேரத்தில் ஃபாரம் பி.டி.எஃப்.பாக வந்து விழுந்தது. மற்றவர்கள் அதைத் திறக்கவே மாட்டார்கள். எனக்குத் தொழிலே அதுதான், பிரிண்ட் போட்டு ஸ்கேலை வைத்து வரிவரியாகப் படித்தேன். உடல் ஊனம் உண்டா? இல்லை. அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா? இல்லை. கடைசி வரை இல்லை, இல்லை, இல்லை. கூப்பிட்டுக் கேட்டால், "நீங்க நல்லாத்தான நடக்குறீங்க அக்கா? அஞ்சு வருஷம் ஓட்டிட்டோம்னா அப்புறம் அவனுங்க எதுவும் கேட்க முடியாது" என்கிறார்.

இந்த அஞ்சு வருஷக் கணக்கு முழுப் பொய்யில்லை, அதுதான் ஆபத்து. ஹெல்த் பாலிசியை 60 மாதம் விடாமல் புதுப்பித்து வந்தால், பழைய நோயைச் சொல்லவில்லை என்று கிளெய்மை மறுக்க முடியாது. ஆனால் மோசடி என்று நிரூபித்தால் அப்போதும் மறுக்கலாம். அதுவும் காலைப் போய் மறைப்பதா? இரண்டாவது வருஷம் டெங்குவில் அட்மிட் ஆனால், கேஸ் ஷீட்டின் முதல் வரியிலேயே டாக்டர் எழுதிவிடுவார். கட்டிய பணமும் போய், பாலிசியும் ரத்தாகும்.

அந்த ஃபாரத்தை ரத்து செய்யச் சொல்லிவிட்டு நானே நிரப்பினேன். ஊனச் சான்றிதழ் (எனக்கு 60 சதவீதம்), டிஸ்சார்ஜ் சம்மரி, மூன்று மாத சர்க்கரை அளவு ரிப்போர்ட், கூடவே என் கைப்பட ஒரு பக்கக் கடிதம். எப்போது, எதனால் கால் போனது, எந்த அளவில் எடுத்தார்கள், புண் எப்போது ஆறியது, இப்போது என்ன வேலை செய்கிறேன் என்று. கம்பெனி டாக்டர் போனில் பேசினார். மாடிப்படி ஏறுவீங்களா, ஊன்றுகட்டை இல்லாமல் நடப்பீங்களா என்று சும்மா இரண்டு கேள்வி. மீதி முழுக்கச் சர்க்கரை, பி.பி., சிறுநீரகம்.

அப்போதுதான் புரிந்தது. சர்க்கரையில் போன காலும் லாரியில் போன காலும் கம்பெனிக்கு ஒன்றில்லை. கால் எப்படிப் போனது என்பதைத்தான் துருவுகிறார்கள். சர்க்கரையால் எடுத்திருந்தால் அடுத்து சிறுநீரகம், இதயம், இன்னொரு கால் என்று கணக்குப் போடுவார்கள். விபத்தில் போய், மற்றபடி உடம்பு நன்றாக இருந்தால் கதவு திறக்கும். சர்க்கரைக்காரர்களைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், என் மாமியாருக்கே சர்க்கரைதான். கம்பெனி எப்படிப் பார்க்கிறது என்பதைச் சொல்கிறேன், அவ்வளவுதான். உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் விபத்து என்று தெளிவாக இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்குங்கள்.

முதலில் போட்ட கம்பெனி ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் மறுத்தது. காரணத்தை எழுத்தில் கொடுங்கள் என்று மெயில் போட்டேன். நீங்களும் கேளுங்கள், புகார் கொடுக்க அந்தத் தாள்தான் உதவும். இன்னொரு கம்பெனி பிரீமியத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தது. அந்தக் கால் சம்பந்தப்பட்ட செலவுக்கு மட்டும் காத்திருப்புக் காலம், அது முடியும்வரை அந்தச் செலவுக்குத் தரமாட்டார்கள். 2024 ஏப்ரலுக்குப் பிறகு எந்தக் கம்பெனியும் இதை 36 மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது. காய்ச்சல், நிமோனியாவுக்கு முதல் 30 நாள் தாண்டினால் போதும். ஒன்று மட்டும், செயற்கைக் கால் வாங்கிய பில்லை நீட்டினால் பெரும்பாலான ஹெல்த் பாலிசியில் தரமாட்டார்கள். ஆபரேஷனில் உள்ளே வைக்கிற ராடு, பிளேட்டுக்குத்தான் தருவார்கள்.

எல்லா இடத்திலும் மறுத்தால்? சக்கர நாற்காலியில் இருக்கிற ஒருவருக்கு ஹெல்த் பாலிசி மறுத்த வழக்கில், 2022 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் மாற்றுத்திறனாளிகளுக்கெனப் பாலிசி கொண்டுவரச் சொன்னது. 2023 பிப்ரவரியில் காப்பீட்டுக் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லா ஹெல்த், பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளுக்கும் உத்தரவு போட்டது. 40 சதவீதச் சான்றிதழ் இருந்தால் கேட்கலாம். நான் பார்த்தவற்றில் தொகை 4, 5 லட்சம்தான், பில்லில் ஒரு பங்கை நாமும் கட்ட வேண்டும். கிளையில் இருக்கிறவருக்கே இது தெரியாது, "அப்படி ஒண்ணும் இல்லையே மேடம்" என்பார். அந்த உத்தரவை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள்.

லைஃப் பாலிசி இதைவிடச் சுலபம். எக்ஸ்ட்ரா பிரீமியம் போட்டுக் கொடுத்தார்கள். விபத்து ரைடர், அதாவது அந்தப் பாலிசியோடு கூடுதலாகச் சேர்க்கிற விபத்துக் காப்பீடு மட்டும் கிடையாது என்றார்கள். ஒரு கால் போனவளுக்கு இனி விபத்தே வராதா, இல்லை வந்துகொண்டே இருக்குமா, எதை நினைத்து மறுக்கிறார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. தனியாக விபத்து பாலிசி எடுத்தேன். அதிலும் ஒரு கால் போனால் பாதித் தொகை. எனக்கு இருக்கிற ஒன்றும் போனால் இரண்டு காலும் இல்லாதவள் ஆவேன், ஆனால் ஏற்கெனவே போன கால் கணக்கில் வராது. கிடைப்பது பாதிதான். சான்றிதழ் 60 சதவீதம் என்பதாலும் 60 சதவீதம் கொடுக்க மாட்டார்கள். பாலிசி அட்டவணை வேறு, அரசு சான்றிதழ் வேறு.

இதை எழுதும்போதே இன்னொரு எரிச்சல் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். கோயில். செயற்கைக் காலோடு போனால் வாசலில் "செருப்பைக் கழட்டுங்க". என் கால் ஷூவின் குதிகால் உயரத்துக்குச் சரி பார்த்துப் பொருத்தியது. ஷூவைக் கழற்றினால் உடம்பு பின்னால் சாயும், ஈரக் கல்தரையில் வழுக்கும். இதைப் பொறுமையாகச் சொன்னால், "அப்ப காலையே கழட்டி வெச்சிட்டு வாங்க" என்றார் ஒருவர். கேலிக்குக்கூட இல்லை, நிஜமாகவே யோசனை சொன்னார்! அதற்குப் பிறகு நான் வாசலிலேயே கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன். எந்தக் கோயில் என்று கேட்காதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தனியார் பாலிசி கைக்கு வருவதற்குள் அரசுக் காப்பீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி ரேஷன் கார்டு என்றால் ஆயுஷ்மான் பாரத். எங்கள் தமிழ்நாட்டுக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு, ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம். இரண்டிலும் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை, பழைய நோய் என்ற கேள்வியே கிடையாது. "நிராமயா" என்று ஒன்று சொல்வார்கள், கடைக்கே வந்து கேட்கிறார்கள். அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு. நமக்கு இல்லை, அலைய வேண்டாம்.

கிளெய்மில் தகராறு வந்தால் முதலில் கம்பெனிக்குப் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ திருப்தி இல்லையென்றாலோ சென்னை இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். புதுச்சேரியும் காரைக்காலும் அந்த ஆபீசுக்குக் கீழேதான் வருகின்றன. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

மறுபடி வண்டி ஓட்டுவீர்கள், எல்லோரும் வேண்டாம் என்பார்கள், ஆனாலும் ஓட்டுவீர்கள். பக்கச் சக்கரம் பொருத்தினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆர்.சி.யில் ஏற்றுங்கள், லைசென்ஸையும் அதற்கேற்ப மாற்றுங்கள், வண்டி இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வண்டி உங்கள் பேரிலேயே இருக்கட்டும்.