கத்திரி வெயிலில் வீட்டில் சமைத்துச் சாப்பிடுவதில் அப்படி என்ன சுகம்?

கேள்வியோடு ஒரு குறிப்பும் எழுதியிருந்தீர்கள். வீட்டில் நீங்களும் கணவரும் மட்டும்தான், மே மாதத்தில் அடுப்பு முன்னால் பத்து நிமிடம் நின்றாலே தலை சுற்றுகிறது, ஆனாலும் கோடை விடுமுறைச் சாப்பாடு என்றால் எல்லாரும் உருகுகிறார்களே, அது எப்படி என்று. படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். நான்கு வருடம் முன்பு வரை நானும் அப்படித்தான் இருந்தேன். சென்னையில் இரண்டாவது மாடி, மேற்குப் பார்த்த அடுக்களை. சாயங்காலம் சுவரில் கை வைத்தால் சுடும்.

எனக்குத் தெரிந்த கோடைச் சமையல், அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஆச்சி வீட்டில் பார்த்தது. 1990களின் தொடக்கம். அந்தப் பக்கத்தில் வளவு என்பார்கள். ஒரே முற்றத்தைச் சுற்றி ஐந்து வீடு, எல்லாருக்கும் ஒரே கிணறு. முழுப்பரீட்சை முடிந்த மறுநாள் பேரன் பேத்திகள் எட்டுப் பேரும் அங்கே போய் இறங்கிவிடுவோம். பிசானப் பருவத்து நெல் அறுத்துக் களம் கண்டு, வீட்டில் புது அரிசி இருக்கும் சமயம் அது.

கத்திரி பிறந்ததும் ஆச்சி கூழ் வத்தலுக்கு நாள் குறிப்பாள். கத்திரி மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை போகும். மற்றவர்கள் வெயிலைத் திட்டிக்கொண்டிருக்கும் அந்த மூன்றரை வாரத்துக்காகத்தான் ஆச்சி காத்திருப்பாள். முந்தின நாளே அரிசி ஊறப்போட்டு அரைத்துவிடுவார்கள். விடியற்காலை நாலு மணிக்குப் புறவாசலில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, பெரிய சருவத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து, அரைத்த மாவு, ஜவ்வரிசி, பச்சைமிளகாயும் உப்பும் சேர்த்து இடித்த விழுது, சீரகம், பெருங்காயம் எல்லாம் போட்டு ஒருத்தி துழாவ, ஒருத்தி விறகைத் தள்ள, இன்னொருத்தி ருசி பார்ப்பாள். கூழ் வெந்து கண்ணாடி மாதிரி பளபளப்பு வந்ததும் இறக்கி, கொஞ்சம் ஆறவிட்டு எலுமிச்சைச் சாறு பிழிவார்கள். உப்பு பார்க்க என்னைக் கூப்பிட்டு ஒரு தடவை ஆச்சி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “அரை உப்பாத்தாம்ட்டி இருக்கணும். மிச்ச உப்ப வெயிலு போட்டுக்கிடும்.” ஈரம் போய்ச் சுருங்கும்போது உப்பும் காரமும் ஏறிவிடும் என்பதை அவள் சொன்ன விதம் அது.

வெயில் ஏறுவதற்கு முன்னால் தட்டட்டியில், அதாவது மொட்டைமாடியில், பழைய வேட்டியை நனைத்து விரித்து, கரண்டி கரண்டியாக ஊற்ற வேண்டும். ஐந்து வீட்டுப் பெண்களும் வருவார்கள். நேற்று எங்கள் வீட்டு வத்தல் என்றால் இன்று மேலவீட்டு மதினி வீட்டு வத்தல். கூழில் ஒரு சட்டியைத் தனியே எடுத்துவைத்து, நல்லெண்ணெய் ஊற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். சுடச்சுடக் கையில் வாங்கி நக்கிக்கொண்டே காவலுக்குப் போவோம். கறுப்புக் குடையை விரித்துவைத்தாலும் காக்கா ஏமாறாது, ஆள் இருக்க வேண்டும். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் பாதி காய்ந்த வத்தலைத் துணியிலிருந்து பிய்த்துத் தின்பதுதான் அந்தக் காவலுக்குக் கூலி. மேலே தோல் கட்டி, உள்ளே கூழாகவே இருக்கும். அந்த ருசி பொரித்த வத்தலுக்குக் கிடையாது. கடையில் வாங்கவும் முடியாது, ஏனென்றால் அது ஒரே ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் இருக்கிற பண்டம். அன்றைக்கே துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தெடுத்து, மறுநாளும் அதற்கடுத்த நாளும் சுளகில் (முறத்தில்) காயவைத்து டின்னில் போட்டால் அடுத்த சித்திரை வரை வரும். இதன் நடுவே மோர் மிளகாயும் ஒரு பக்கம் நடக்கும். கீறிய மிளகாய் பகலில் வெயில் காயும், இரவில் உப்புப் போட்ட மோருக்குள் போய்விடும். சட்டியில் மோர் வற்றும் வரை இந்தப் போக்குவரத்து.

இன்றைக்கு யோசித்தால் அந்த வீட்டில் அடுப்பு எரிந்த நேரம் மிகக் குறைவு. காலை ஒன்பது மணிக்குள் சோறு வடித்து, ஒரு குழம்பு வைத்து, அடுப்பைச் சாணம் போட்டு மெழுகிவிடுவார்கள். மத்தியானத்துக்கு அந்தச் சோறு, மோர், ஒரு துவையல். ராத்திரி மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி மண்பானையில் வைத்தால் காலைச் சாப்பாடு ஆயிற்று. எட்டுப் பிள்ளைகளுக்கும் காலையில் பழையதுதான். சோறு ஆறின பிறகு முங்க முங்கத் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தால், ராத்திரி முழுக்க அதில் நுண்ணுயிர்கள் வேலை செய்து லேசாகப் புளிக்கவைக்கும். கத்திரி நாட்களில் எட்டு மணி நேரமே தாராளம், அதற்கு மேல் விட்டால் புளிப்பு முந்திவிடும். உப்பும் மோரும் விட்டுப் பிசைந்து, தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமும் சுண்டக்கறியும். மீந்த குழம்பு, கறி எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றிச் சட்டியில் சுண்டவைப்பதுதான் சுண்டக்கறி. முதல் நாளைவிட இரண்டாம் நாள் ருசி, மூன்றாம் நாள் அடிதடி.

சாயங்காலம் மாம்பழம், நுங்கு. உடன்குடிப் பக்கத்திலிருந்து அத்தை வந்தால் பதநீர்ப் பொங்கல் உண்டு. பனையில் கட்டுகிற கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதால்தான் பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இனிப்பாகவே இருக்கிறது. தண்ணீர் சேர்க்காமல் அந்தப் பதநீரிலேயே அரிசியை வேகவைப்பாள் அத்தை. வெல்லம் போட்ட பொங்கலுக்கு இல்லாத ஒரு புகை வாசனை இதில் இருக்கும். நின்று துழாவப் பொறுமை வேண்டும், அத்தைக்கு அது இருந்தது.

சித்திரை பௌர்ணமிக்கு மட்டும் ஆற்றுக்குப் போவோம். புளியோதரையும் தேங்காய்ச் சோறும் தயிர்ச் சோறும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, தாமிரபரணி மணலில் உட்கார்ந்து நிலா வெளிச்சத்தில் சாப்பாடு. மற்ற நாளெல்லாம் தட்டட்டிதான். பகல் முழுக்கக் குடித்த வெயிலைத் தட்டட்டி கக்கிக்கொண்டிருக்கும், இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் உட்கார முடியும். நடுவில் ஆச்சி, சுற்றிலும் எட்டுப் பேர். பெரிய சட்டியில் சோற்றைப் பிசைந்து கைக்கு ஓர் உருண்டை வைப்பாள். உருண்டை நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி, குழிக்குள் குழம்பு. நம் முறை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பதிலேயே பாதிப் பசி கிளம்பிவிடும். வீட்டில் ஒரு வாய் கூடச் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கிற என் தம்பி அங்கே ஏழு உருண்டை எண்ணிச் சாப்பிடுவான். தட்டில் போட்டுத் தனியாக உட்காரவைத்திருந்தால் இரண்டு உருண்டைக்கு மேல் போயிருக்காது.

இதை எழுதும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. ஆண்கள் திண்ணையில் இருந்தார்கள். விறகடுப்புப் புகையில் நின்றது ஆச்சியும் அத்தைகளும்தான். ஆனாலும் வத்தல் போட்ட நாளில் ஆச்சி சிரித்துக்கொண்டே இருந்ததையும், தனியாகச் சமைத்த நாட்களில் அப்படிச் சிரிக்காததையும் நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கும் வேலை குறைவில்லை, இன்னும் அதிகம். ஐந்து பேர் கூட நின்றார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் கேள்விக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. உங்களுக்குத் தலை சுற்றுவதற்கு வெயில் ஒரு காரணம். இரண்டு பேர் சாப்பாட்டை ஒருவரே தினமும் நின்று சமைப்பது இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன். எனக்கு அப்படித்தான் இருந்தது.

நான் மாற்றிக்கொண்டது இரண்டு விஷயம். ஒன்று, ஏப்ரல் பிறந்தால் ஆச்சி கணக்கு. காலை எட்டரைக்கு மேல் அடுப்பு கிடையாது, ராத்திரிக்குத் தண்ணீர் ஊற்றிய சோறு உண்டு. காய் நறுக்குவது கணவர். இரண்டாவது, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பு மொட்டைமாடியில் கூட்டாஞ்சோறு. முதல் வருடம் மூன்று வீடு, இந்த வருடம் ஏழு.

சின்ன வயதில் கூட்டாஞ்சோறு விளையாடியிருப்பீர்கள். ஆளுக்கு ஒரு பிடி அரிசி, ஒரு பிடி பருப்பு, ஒரு காய் என்று வீட்டிலிருந்து கொண்டுவந்து சேர்த்து ஆக்குவது. திருநெல்வேலிப் பக்கம் அது விளையாட்டோடு நிற்காமல் பெரியவர்கள் சமையலாகவே இருக்கிறது. நாங்களும் அப்படியே செய்கிறோம். அரிசியும் பருப்பும் எங்கள் வீடு, மற்ற ஒவ்வொரு வீடும் ஒரு காய். யார் என்ன காய் என்று முதல் நாளே பேசிக்கொள்வோம், இல்லாவிட்டால் எல்லா வீட்டிலிருந்தும் கத்திரிக்காயே வரும்.

பதினைந்து பேருக்கு எங்கள் கணக்கு இது. அரிசி 1¼ கிலோ, துவரம்பருப்பு 400 கிராம். அரிசி உதிரியாக நிற்கக் கூடாது, குழைய வேண்டும். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் அம்பை 16 குண்டு அரிசி கிடைத்தால் விடாதீர்கள். பருப்பை அரை வேக்காடு வேகவிட்டு, அரிசியைப் போட்டு, அரிசி ஒரு பங்குக்குத் தண்ணீர் ஐந்து பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாழைக்காய், அவரைக்காய், முருங்கைக்காய் முதலில், கத்திரிக்காயும் மாங்காயும் பிறகு. புளித்தண்ணீரை அவசரப்பட்டு ஊற்றாதீர்கள். புளி முந்திவிட்டால் பருப்பும் காயும் விறைத்துக்கொண்டு வேகவே வேகாது. எல்லாம் வெந்த பிறகு, எலுமிச்சை அளவில் இரண்டு உருண்டைப் புளி கரைத்து ஊற்றினால் போதும். மாங்காய் புளிப்பாக இருந்தால் ஓர் உருண்டையே போதும். அதன்பின் தேங்காய், சீரகம், வற்றல் மிளகாய், சின்ன வெங்காயம் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்த விழுது. இறக்கும்போது இரண்டு கை முருங்கைக்கீரை. கடைசியில் தாளிப்பு: நல்லெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, தாளிப்பு வடகம். அந்த வடகம் பொரிகிற வாசனைக்கு நாலாவது மாடியில் இருப்பவர்கள் தாமாகவே ஏறி வந்துவிடுவார்கள். தொட்டுக்கொள்ளக் கூழ் வத்தலும் அப்பளமும் தவிர வேறு எதுவும் தேவையில்லை.

காய் நறுக்கும் நேரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏழு அரிவாள்மனைக்கு எங்கே போவது, பலகையும் கத்தியும்தான். ஆண்கள், பெண்கள், பிள்ளைகள் எல்லாரும் காலை ஆறரைக்கு மாடியில் வட்டமாக உட்கார்ந்து நறுக்குவோம். நறுக்காதவருக்குச் சாப்பாடு இல்லை என்பது நான் போட்ட சட்டம், அதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டு இலை போட்டதும் வருகிற வழக்கம் எங்கள் மாடியில் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

ஆறாவது வீட்டில் ஒரு ஒடியாக் குடும்பம். முதல் முறை வந்தபோது வெறுங்கையோடு வரத் தயங்கி, அந்தம்மா ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீர் ஊற்றிய சோறு கொண்டுவந்தார். அவர்கள் ஊரில் அது பகாளா. மார்ச் 20 அன்று ஒடியா மக்கள் அதற்கென்று ஒரு நாளே கொண்டாடுகிறார்களாம். கூடவே படி சூரா என்று ஒன்று. உளுந்தை அரைத்து வெயிலில் காயவைத்த சின்ன வடகங்களை வறுத்து நொறுக்கி, பூண்டு, வெங்காயம், பச்சைமிளகாய், கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்தது. ஒரு வாய் எடுத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடுகெண்ணெய் நெடி ஒரு காரணம்தான், ஆனால் ஆச்சியின் பழையதும் வடகமும் வேறு பெயரில், வேறு எண்ணெயில் என் முன்னால் இருந்ததுதான் பெரிய காரணம். நான் சுண்டக்கறியை நீட்டினேன். அந்தம்மாவுக்குத் தமிழ் அதிகம் தெரியாது, எனக்கு ஒடியா தெரியவே தெரியாது. இரண்டாவது முறையும் தட்டை நீட்டினார்.

உங்களுக்கு ஏழு வீடு வேண்டாம். எதிர் வீட்டில் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். ஒரே ஒரு முருங்கைக்காயோடு வரச் சொல்லுங்கள், அரிசியும் பருப்பும் உங்களுடையது. காலை ஏழு மணிக்குள் நறுக்க உட்கார்ந்தால் ஒன்பதுக்குள் சாப்பிட்டு முடித்துவிடலாம், வெக்கை அதற்குப் பிறகுதான் ஏறும். கணவரை நறுக்க வையுங்கள்.

இந்த வருடம் மொட்டைமாடியிலேயே கூழ் வத்தலும் போட்டோம். ஒரு கிலோ அரிசியில் இரண்டு டின் வந்தது. ஒன்று ஒடியா வீட்டுக்குப் போயிற்று. மற்றது இந்த ஞாயிற்றுக்கிழமை வரை தாங்குமா என்பது சந்தேகம், காவலுக்கு உட்காரவைத்த பிள்ளைகள் காயும்போதே பாதியைப் பிய்த்துத் தின்றுவிட்டன. நான் ஒன்றும் சொல்லவில்லை.