பள்ளிக்கூடச் சுவர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படிக்கிறேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் சுற்றுச்சுவரில் படம் வரைந்து தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். கையில் ஒரு பட்டியலும் தந்தார்கள்: திருவள்ளுவர், பாரதியார், ஜல்லிக்கட்டுக் காளை, பரதநாட்டியப் பெண், மழைநீர் சேகரிப்பு. இதே ஐந்தும் தாலுகா ஆபீஸ் சுவரிலும் இருக்கின்றன, பாலத்துக்கு அடியிலும் இருக்கின்றன. ஆயிரம் வருடத்துக்கு முன்பே தஞ்சைப் பெரிய கோயிலில் சுவரோவியம் தீட்டிய நாம் ஏன் இப்படி ஆகிவிட்டோம்?

சமீபத்தில் நண்பர்களோடு சென்னை கண்ணகி நகர் போயிருந்தேன். அடுக்குமாடிச் சுவர் முழுக்கப் பெரிய பெரிய ஓவியங்கள். படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அங்கே குடியிருக்கும் ஓர் அம்மா, "முன்னாடி கண்ணகி நகர்னு சொன்னா ஆட்டோவே வராது. இப்ப போட்டோ புடிக்க ஆளுங்க வர்றாங்க" என்றார். பாராட்டினாரா, குறைபட்டுக்கொண்டாரா என்று இன்னும் பிடிபடவில்லை.

என் பெரியப்பா கட்சிச் சுவர் எழுதியவர். பிளெக்ஸ் வந்தபின் அந்த வேலை போய்விட்டது. அதெல்லாம் கலையா என்று வகுப்பில் பேச்சு வந்தபோது நான் வாய் திறக்கவில்லை. பள்ளிக்கூட வேலையை ஏற்கலாமா?

க.

அன்புள்ள க.,

தஞ்சாவூரிலிருந்தே தொடங்குகிறேன், அங்கேதான் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பெரிய கோயிலின் சோழர் ஓவியங்கள் கருவறையைச் சுற்றிய இருண்ட, குறுகலான உள்சுற்றில் இருக்கின்றன. ராஜராஜன் காலத்தில்கூட ஊர்ச்சனம் அதற்குள் போய்ப் பார்த்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நாயக்கர் காலத்தில் அவற்றின் மேலேயே புதிதாக வரைந்துவிட்டார்கள். 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடிக்கும் வரை கீழே ஒரு அடுக்கு இருப்பதே வெளியே தெரியாது. மகத்தான ஓவியங்கள்தான். ஆனால் தெருவில் போகிறவர் நின்று பார்ப்பதற்காக வரைந்தவை அல்ல. உங்கள் பள்ளிச் சுவருக்கு அவற்றை முன்னோராகச் சொல்ல முடியாது.

நீங்கள் பார்க்க வேண்டியது திருவாரூர். பக்கத்து ஊர்தானே, ஒருநாள் பஸ் ஏறுங்கள். தியாகராஜர் கோயிலின் தேவாசிரியன் மண்டப விதானத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை வரையப்பட்டிருக்கிறது. ஏறக்குறைய முந்நூறு வருடப் பழசு. இந்திரனிடமிருந்து தியாகராஜரை வாங்கி வருவதுதான் கதை. ஆனால் ஓவியர் அதோடு நிற்கவில்லை. ஆரூர்த் திருவிழாவையே மேலே ஏற்றிவிட்டார்: ஊர்வலம், மேளக்காரர்கள், ஆடும் பெண்கள், வாணவேடிக்கை. காட்சிக்குக் காட்சி தமிழில் விளக்கமும் எழுதியிருக்கிறது. சிங்காதனம் என்று தன் பெயரையும் பதித்திருக்கிறார். மண்டபத்தில் வந்து உட்காருகிறவர் அண்ணாந்து பார்த்தால் தன் ஊரையே பார்ப்பார். பொதுச்சுவர் ஓவியம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். நம் ஊர்களில் சுவரில் படம் வருவது பெரும்பாலும் எதையாவது தடுப்பதற்காக. சிறுநீர் கழிக்காமலிருக்க சாமி படம் பதித்த டைல்ஸ். போஸ்டர் ஒட்டாமலிருக்க இயற்கைக் காட்சி. பொது இடங்களை அலங்கோலம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 1959இலிருந்தே தமிழ்நாட்டில் இருக்கிறது, போஸ்டர் நிற்கவில்லை. 2010 வாக்கில் சென்னை மாநகராட்சி அண்ணா சாலை போன்ற இடங்களில் சுவர்களுக்கு ஓவியம் தீட்டவைத்தது. பிளெக்ஸால் பிழைப்பை இழந்த சினிமா பேனர் ஓவியர்களுக்கு அதனால் கொஞ்சம் வேலை கிடைத்தது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் படத்தைக் காவலுக்கு நிறுத்தும்போது, யாரும் ஆட்சேபிக்க முடியாத படத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். வள்ளுவர்மேல் யார் போஸ்டர் ஒட்டுவார்? அந்த ஐந்தும் எல்லா ஊரிலும் ஒன்றுபோல இருப்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். ஓவியருக்குக் கற்பனை இல்லை என்பதல்ல.

கண்ணகி நகர் வேறு கதை. ஆற்றங்கரைகளிலிருந்தும் நகரத்தின் நடுவிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்டவர்களை 2000 முதல் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் அது, 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். முகவரியைச் சொன்னாலே வேலை கிடைக்காது என்று அங்குள்ளவர்கள் பல வருடம் சொல்லி வந்தார்கள். 2020இல், பொதுச்சுவர்களில் ஓவியம் தீட்டும் ஸ்டார்ட் (St+art) இந்தியா அறக்கட்டளை ஏசியன் பெயின்ட்ஸ் துணையோடு அங்கே ஓவியங்களை வரையத் தொடங்கியது. அந்த அம்மா சொன்னதில் பாராட்டும் இருக்கிறது, குறையும் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. ஊர்ப்பெயர் மீதிருந்த கறையைப் படம் கொஞ்சம் துடைத்திருக்கிறது, அது சின்ன விஷயமில்லை. பஸ்ஸும் தண்ணீரும் வேலையும் பெயின்ட்டால் வராது, அதை ஓவியரிடம் கேட்கவும் கூடாது. ஆனால் ஒன்று கேட்கலாம்: வெளுத்தபின் திரும்ப வரையப்போவது யார்? அதைச் சொல்லும் உரிமை அந்தச் சுவருக்குப் பின்னால் குடியிருப்பவர்களுக்கு இருக்கிறதா? நீங்கள் அந்த அம்மாவிடம் இன்னும் ஐந்து நிமிடம் பேசியிருக்கலாம். அவருக்கு எந்தப் படம் பிடிக்கும், எது பிடிக்கவில்லை என்று கேட்டிருந்தால் எனக்கு எழுத இன்னும் நிறைய கிடைத்திருக்கும்.

உங்கள் பெரியப்பா பற்றி. அடுத்தமுறை வகுப்பில் வாய் திறந்து பேசுங்கள். நூலில் நீலத்தைத் தடவிச் சுண்டிக் கோடு போட்டு, மூன்றாள் உயரத்துக்கு ஒரு பெயரை எழுதி, எதிர்ச்சாரியிலிருந்து பார்த்தாலும் எழுத்து பிசகாமல் நிற்கவைப்பது எவ்வளவு பெரிய பயிற்சி! பஸ்ஸில் போகிறவர் இரண்டு விநாடியில் படிக்க வேண்டும் என்ற கணக்கு அவருக்குத் தெரியும். எந்தக் கல்லூரியும் அதைச் சொல்லித் தந்து நான் பார்த்ததில்லை. தமிழ் எழுத்தின் வளைவுகளை அத்தனை பெரிதாக வரைந்து பார்த்த கைகள் அவருடைய தலைமுறையோடு குறைந்துவருவதுதான் எனக்குப் பெரிய கவலை.

பள்ளிக்கூட வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். பட்டியலோடு சண்டை போட வேண்டாம். வள்ளுவர் இருக்கட்டும், பக்கத்தில் உங்கள் ஊர் வரட்டும்: சந்தை, குளம், பள்ளிக்கு நடந்து வரும் பாதை, சத்துணவு சமைக்கிற அம்மா. எதை வரையலாம் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே திருவாரூர் மாதிரி தமிழில் எழுதுங்கள்.

அப்புறம் சுவர். தஞ்சை ஓவியங்களை 1930களில் ஆராய்ந்த வேதியியலாளர் எஸ். பரமசிவன், அவை ஈரமான சுண்ணச் சாந்தின்மேல் வரையப்பட்டவை என்று கண்டார். அந்தச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து இறுகும்போது நிறத்தையும் உள்ளே பிடித்துக்கொள்ளும். உங்களுக்குக் கிடைக்கப்போவது எமல்ஷன், அது மேலே தோல் மாதிரி ஒட்டி நிற்பது. சுவரில் ஈரம் ஏறி உப்பு பூத்தால் அடுத்த மழைக்குள் பொரிந்து உரிந்துவிடும். அதனால் உப்பைச் சுரண்டி, விரிசலை அடைத்து, நன்றாகக் காயவிட்டு, பிரைமர் அடித்த பிறகே தூரிகையை எடுங்கள். வெயில் நேராக விழுகிற பக்கத்தில் காவி, செம்மண் போன்ற நிறங்களை அதிகம் வையுங்கள், அவை சீக்கிரம் வெளுக்காது.

எழுத்து வேலையைப் பெரியப்பாவிடம் கொடுங்கள். இருவருக்கும் கூலி என்ன என்பதைப் பள்ளியோடு முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். சேவை என்று சொல்லிச் சும்மா வரைந்து கொடுக்க வேண்டாம்.