வேண்டாம் என்றால் கேட்கிறதா?

கேள்வி: நாம் தேர்வு செய்யச் செய்யக் கதை நகரும் விளையாட்டு ஒன்றை மொபைலில் முடித்தேன். அமானுஷ்யக் காதல் கதை. பள்ளி மாணவி ஒருத்தி, ரத்தக் காட்டேரிப் பையன் ஒருவன், ஓநாயாக மாறும் பையன் ஒருவன். எதைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசியில் அதே முழுநிலவு, அதே சண்டை. ஏமாற்று வேலை என்று ஒரு ஸ்டார் கொடுத்தேன். என் தோழியோ ஐந்து ஸ்டார் கொடுத்து உருகுகிறாள். யார் சொல்வது சரி?

பதில்: ஒரு ஸ்டார் கொடுப்பது உங்கள் உரிமை. ஆனால் நீங்கள் சொல்லும் காரணம் செல்லாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கதையில் பத்து இடத்தில் தேர்வு வருகிறது, ஒவ்வொன்றிலும் இரண்டு வழி என்று வைத்துக்கொள்வோம். எந்த வழியும் இன்னொன்றோடு சேரக் கூடாது என்றால் 1,024 முடிவுகள் வேண்டும். காட்சிகள் மொத்தம் 2,047. காட்சிக்கு 300 சொல் என்றாலும் ஆறு லட்சம் சொல்லைத் தாண்டிவிடும். அதில் ஒரு தடவை விளையாடும் நீங்கள் படிக்கப்போவது பதினோரு காட்சி, 3,300 சொல். எந்த எழுத்தாளரும் அப்படி எழுத மாட்டார். அதனால்தான் கதை கிளை விடுகிறது, கொஞ்ச தூரம் போய் மறுபடி ஒன்று சேர்கிறது. சந்தேகம் இருந்தால் ட்வைன் என்ற இலவசக் கருவியை எடுத்து நீங்களே ஒரு கதை எழுதிப் பாருங்கள். கிறிஸ் கிளிமாஸ் 2009-ல் வெளியிட்டது. ஒவ்வொரு காட்சியும் ஒரு கட்டமாகத் திரையில் நிற்கும். நாலாவது தேர்வுக்குள் கட்டங்களைச் சேர்க்க வழி தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.

ஆகவே முடிவு ஒன்றாக இருப்பது குற்றமில்லை. நடுவில் நீங்கள் செய்ததைக் கதை ஞாபகம் வைத்திருக்கிறதா என்று கேளுங்கள். காதல் கதையென்றால் அதைவிட முக்கியமாக ஒன்று கேட்க வேண்டும்: நீங்கள் "வேண்டாம்" என்றால் அது காதில் விழுகிறதா?

இந்த வகை விளையாட்டுகளில் அடிக்கடி வரும் காட்சி இது. இரவு, பள்ளி நூலகம். கண்ணாடியில் உருவம் தெரியாத காட்டேரிப் பையன் கையை நீட்டுகிறான். உங்களுக்கு மூன்று தேர்வுகள்: கையைப் பிடி, தயங்கிவிட்டுப் பிடி, முறைத்துவிட்டுப் பிடி. பிடிக்காமல் கதவைத் திறந்து வெளியே போக வழியே கிடையாது. சரி, போனால் போகிறது என்று முறைத்துவிட்டுப் பிடிக்கிறீர்கள். அடுத்த வரியில் "உன் கன்னம் சிவந்தது, இதயம் படபடத்தது" என்று வருகிறது. யாரைக் கேட்டு? இந்த விளையாட்டுகளில் ஊறியவர்களுக்கு இதன்மேல் வரும் கோபம் முழுக்க நியாயமானது. என் கதாபாத்திரம் என்ன செய்கிறாள் என்பதைக்கூட எழுத்தாளர் முடிவு செய்யட்டும். யார்மேல் ஆசைப்படுகிறாள் என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் காட்டேரிக் கதைக்குள்ளேயே இதற்கு விதி இருக்கிறது. வீட்டில் உள்ளவர் யாராவது முதல் தடவை உள்ளே அழைக்காமல் காட்டேரி வாசலைத் தாண்ட முடியாது. 1897-ல் வந்த பிராம் ஸ்டோக்கரின் டிராகுலாவிலேயே இதைப் பார்க்கலாம். அந்த விதியை வைத்தே எவ்வளவு நல்ல காட்சி எழுதலாம்! நூலகத்தில் நீங்கள் "தனியாகப் போய்க்கொள்கிறேன்" என்றீர்கள். இரண்டு அத்தியாயம் கழித்து மழையில் அவன் உங்கள் வாசலில் நிற்கிறான். "அன்றைக்கு வேண்டாம் என்றாய். இன்றைக்கும் அதே பதில் என்றால் போய்விடுகிறேன்" என்கிறான். இதற்குத் தனி முடிவு தேவையில்லை. உங்கள் பதிலைக் குறித்துவைத்த ஒரு குறிப்பும் இரண்டு வாக்கியமும் போதும். அப்புறம் அதே முழுநிலவுச் சண்டைக்கே போங்கள், அது உங்கள் சண்டையாக இருக்கும்.

அவனுக்கு வயது இருநூறு, அவளுக்குப் பதினாறு என்பது இன்னொரு விஷயம். விளையாடுகிறவர்களில் பலருக்கும் அதே பதினாறு வயதுதான். அப்படியிருக்க, அவள் மறுத்தாலும் விடாமல் பின்தொடர்வதைக் காதல் என்று காட்டும் விளையாட்டுக்கு நான் ஒரு ஸ்டார்கூடக் கொடுக்க மாட்டேன், ஓவியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. அன்பாகப் பேசும் பதிலுக்கு வைரம் (காசு கொடுத்து வாங்கும் விளையாட்டுப் பணம்) கேட்டு, முகத்தில் அடிக்கும் பதிலை மட்டும் இலவசமாகத் தரும் விளையாட்டுக்கும் அதே கதிதான். அங்கே காசில்லாத பிள்ளை நல்லவளாக நடந்துகொள்ளக்கூட முடியாது. ஏமாற்று வேலை என்ற சொல்லை அதற்கு எடுத்து வையுங்கள்.

உங்கள் தோழி விஷயத்துக்கு வருகிறேன். அவள் யாரைத் தேர்ந்தெடுத்தாள் என்று கேட்டீர்களா? இரண்டு காதலர்கள் இருக்கும் கதையில் எழுத்தாளருக்குப் பெரும்பாலும் ஒருவன்மேல்தான் மனம் இருக்கும். அவனுக்குச் சின்ன வயதுக் கதை, தனிக் காட்சிகள், நல்ல வசனங்கள் எல்லாம் கிடைக்கும். மற்றவனுக்கு அதே வசனத்தில் பெயரை மாற்றிப் போட்டிருப்பார்கள். நீங்கள் காட்டேரியோடும் அவள் ஓநாயோடும் போயிருந்தால், இரண்டு பேரும் படித்தது ஒரே கதையே இல்லை. இரண்டு மதிப்பெண்ணும் நியாயமாக இருக்கலாம். மொபைலை மாற்றிக்கொண்டு, அவள் போன வழியில் நீங்கள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். அதன்பிறகும் ஒரு ஸ்டார்தான் என்றால் தாராளமாகக் கொடுங்கள். விமர்சனத்தின் முதல் வரியில் யாரோடு போனீர்கள், எந்தக் காட்சியில் உங்கள் பேச்சு எடுபடவில்லை என்பதை மட்டும் எழுதிவிடுங்கள்.