கடன பொரட்டிட்டு அப்புறம் ஆஸ்பத்திரி தேடாதீங்க தம்பி

காவேரிப்பட்டினத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. ஓசூர்ல கம்பெனி வேலை, பிடித்தம் போக கைக்கு 24,000 வருது. அம்மாவுக்கு 62 வயசு, பத்து வருஷமா சுகர், இப்ப ரெண்டு கண்ணுலயும் புரை. அக்கா வீட்டுக்காரர் பெங்களூர்ல ஒரு ஆஸ்பத்திரி சொல்லியிருக்காரு, தூரம் கிட்ட ரெண்டும் தெரியற மல்டிஃபோகல் லென்ஸ், ரெண்டு கண்ணுக்கும் சேத்து 1,40,000. அஞ்சு பவுன அடகு கடையில ரெண்டு ரூபா வட்டிக்கு வைக்கறதா, இல்ல ஆஸ்பத்திரியில குடுக்கற வட்டியில்லா இஎம்ஐ எடுக்கறதா, எது லாபம் சார்னு கேக்கறாரு. அக்கா வளைகாப்புக்கு வெச்ச 3 பவுன் இன்னும் அதே கடையில 80,000க்கு இருக்கு, மூணு வருஷமா வட்டி மட்டும் போயிட்டு இருக்காம்.

தம்பி, அடகா இஎம்ஐயாங்கறது ரெண்டாவது கேள்வி. நீங்க எழுதினத மூணு தடவ படிச்சேன், அதுல எந்த டாக்டர் அம்மா கண்ண பாத்தாரு, என்ன சொன்னாருன்னு ஒரு வரி கூட இல்ல. பணம் எங்க கிடைக்கும்னு தெரிஞ்சிருச்சு, மாமா பேர் சொல்லிட்டாரு, முடிஞ்சுதுன்னு நினைக்கறீங்க. வளைகாப்புக்கும் இப்படித்தான பண்ணியிருப்பீங்க? எவ்வளவு பொரட்ட முடியுமோ அதான் செலவுன்னு ஆயிடுது, இந்த பழக்கம்தான் உங்கள புடிச்சு வெச்சிருக்கு.

கணக்க பாருங்க. பழைய 80,000க்கு மாசம் 1,600, மூணு வருஷத்துல 57,600 கட்டிட்டீங்க, அசல் அப்படியே நிக்குது. இப்ப 1,40,000 வெச்சா மாசம் இன்னொரு 2,800. ரெண்டும் சேந்து 4,400, சம்பளத்துல அஞ்சுல ஒரு பங்குக்கு கிட்ட. புதுக் கடனுக்கு மட்டும் வருஷ வட்டி 33,600, நல்ல ஆஸ்பத்திரியில மடிச்சு உள்ள வெக்கற சாதாரண லென்ஸ் வெச்சு ஒரு கண்ணு ஆபரேஷனே பல இடத்துல இந்த காசுக்குள்ள முடிஞ்சிடும்.

வட்டியில்லா இஎம்ஐய நம்பி போகாதீங்க. முழுசும் ரொக்கமா கட்டினா எவ்வளவு கொறைப்பீங்கன்னு கேளுங்க, அவங்க கொறைக்கற அந்த தொகைதான் வட்டி, அதுக்கு மேல ப்ராசஸிங் ஃபீஸ் தனி. இப்ப அவசரமா அம்மா பேர்ல மெடிக்கல் இன்சூரன்ஸ் போடலாம்னு யாராச்சும் சொன்னா அதுவும் வேணாம், புரைக்கு பெரும்பாலும் 2 வருஷம் வெயிட்டிங் வெச்சிருப்பாங்க.

அடுத்து லென்ஸ். சுகர் இருக்கறவங்களுக்கு முதல்ல சொட்டு மருந்து விட்டு கண் பாவைய விரிய வெச்சு ரெட்டினாவ, அதான் விழித்திரைய, பாக்கணும். சுகரால விழித்திரை கெட்டிருந்தா மல்டிஃபோகல் வெக்க வேணாம்னுதான் பெரும்பாலான டாக்டருங்க சொல்லுவாங்க. எங்கப்பாவுக்கு ஒரு இடத்துல டாக்டர பாக்கறதுக்கு முன்னாடியே அங்க பேக்கேஜ் விளக்கற பொண்ணு மூணு லென்ஸ் விலை போட்ட அட்டைய கையில குடுத்துச்சு. எழுந்து வந்துட்டோம். வேற இடத்துல அரை மணி நேரம் ரெட்டினா பாத்த டாக்டரம்மா, உங்களுக்கு சாதாரண மோனோஃபோகலே போதும், அதான் நல்லதுன்னு சொன்னாங்க. இப்ப தூரம் நல்லா தெரியுது, பேப்பர் படிக்க மட்டும் கண்ணாடி.

உங்கம்மா புளி தட்டற வேலைக்கு போறாங்க, கொட்டை தெரியாம விரல தட்டிக்கறாங்கன்னு எழுதியிருக்கீங்க, படிக்கவே மனசு கஷ்டமா இருந்துச்சு. இத டாக்டர்ட்ட சொல்லணும். மோனோஃபோகல் ஒரு தூரத்துக்குத்தான் தெளிவா காட்டும், தூரத்துக்கு வெச்சா புளி தட்ட கண்ணாடி போடணும், கிட்டக்க வெச்சா ரோட்ட பாக்க கண்ணாடி போடணும், எது வேணும்னு அம்மாதான் சொல்லணும், மாமா இல்ல.

விலை கம்மின்னா கை மோசம்னு நினைக்காதீங்க. அரவிந்த் கண் மருத்துவமனை 1976ல மதுரையில 11 படுக்கையோட ஆரம்பிச்சது, காசு கட்டறவங்க குடுக்கற பணத்துல கட்ட முடியாதவங்களுக்கும் பண்றாங்க, லென்ஸையே 1992ல இருந்து ஆரோலேப்ங்கற அவங்க சொந்த தொழிற்சாலையில செய்யறாங்க, அவங்களுக்கு சேலத்துல ஆஸ்பத்திரி இருக்கு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில புரை ஆபரேஷன் லென்ஸோட இலவசம், கிருஷ்ணகிரியிலயும் தர்மபுரியிலயும் மெடிக்கல் காலேஜே இருக்கு, அங்க ஒரு தடவ காட்டிட்டு வர பஸ் காசுதான் செலவு. ரெண்டு இடத்துல காட்டுங்க, ரெண்டு பேரும் ஒண்ணே சொன்னா தைரியமா போகலாம்.

எங்க போனாலும் கத்தி புடிக்கப்போறது யாரு, இன்னைக்கு பாக்கற டாக்டரா வேற ஆளான்னு நேரா கேளுங்க. ஆபரேஷன்ல சிக்கல் வந்தா அங்கயே ரெட்டினா டாக்டர் இருக்காரா, ராத்திரி வலியோ சிவப்போ பார்வை மங்கலோ வந்தா யாருக்கு போன் பண்றது, சொட்டு மருந்தும் மறுபடி பாக்கறதும் பேக்கேஜ்ல சேந்ததா, இதெல்லாம் கேட்டா கோச்சுக்கற டாக்டர் நமக்கு வேணாம். தமிழ்நாட்டு டாக்டர்னா பதிவு எண்ண தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் தளத்துல பாத்துக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில வெச்ச லென்ஸோட விவரம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான்னு பாத்து வாங்குங்க, குடுத்த காசுக்கு அதான் சாட்சி.

இன்னொண்ணு, ரெண்டு கண்ணையும் பெரும்பாலும் ஒரே நாள்ல பண்ண மாட்டாங்க, சில வாரம் விட்டுத்தான் அடுத்தது. அப்ப மொத்த பணமும் இப்பவே எதுக்கு? தை மாசம் சீட்டு விழும்னு சொல்றீங்க, அது ரெண்டாவது கண்ணுக்கு. முதல் கண்ணுக்கு கையில இருக்கறது பத்தலைன்னா ஒரே ஒரு பவுன மட்டும் கூட்டுறவு வங்கியில வைங்க. ஆனா வருஷக்கணக்கா தள்ளிடாதீங்க, புரை ரொம்ப முத்திட்டா ஆபரேஷனும் கஷ்டம், கண்ணுல பிரஷரும் ஏறலாம்.

மாமாகிட்ட சண்டை போடாம, சுகர் இருக்கறதால ரெட்டினா பாத்துட்டுத்தான் முடிவு பண்ண முடியும்னு சொல்லுங்க, அது உண்மையும் கூட. இந்த வாரமே அம்மாவ கூட்டிட்டு போங்க, கடைசியா பாத்த சுகர் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கோங்க. ரெட்டினா ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்க, அந்த பழைய 3 பவுன ரெண்டு ரூபா வட்டியில இருந்து பேங்குக்கு மாத்தற கணக்க அப்ப உக்காந்து போடலாம்.