அம்மா ஏன் ரேடியோவை அணைக்கிறார்?

கேள்வி: எனக்கு 41 வயது. வங்கியில் வேலை. பல வருடமாக முகநூலில் இசை விமர்சனம் எழுதுகிறேன். இன்றைய சினிமாப் பாட்டுகளைக் கறாராக விமர்சிப்பேன். அதற்கென்று வாசகர்களும் உண்டு, வசவும் உண்டு. போன மாதம் ஒரு புதுப் பாட்டில் 'ஆபோகி ராகத்தைக் கொலை செய்திருக்கிறார்கள்' என்று எழுதினேன். ஒரு கல்லூரிப் பையன் வந்து, 'சார், நிஷாதம் ('நி' ஸ்வரம்) வருகிறதே, ஸ்ரீரஞ்சனி ராகம் இல்லையா?' என்றான். 'நீ யாரிடம் பாட்டு கற்றாய்?' என்று திருப்பிக் கேட்டேன். அன்றிலிருந்து ஒரே சண்டை. இரவு ஒரு மணி வரை பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன், மனைவிக்கு எரிச்சல். வீட்டில் இசை ரசனை உள்ளவர்கள் யாரும் இல்லை. அம்மா ரேடியோவில் பழைய பாட்டு கேட்பார், நான் உள்ளே வந்தால் அணைத்துவிடுவார். ரசனை கெட்ட கூட்டத்தோடு மல்லுக்கட்டுவதா, எழுதுவதையே விட்டுவிடுவதா?
– பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்: தம்பி, இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. ஊரும் ராகமும் மாறி மாறி வந்துகொண்டேதான் இருக்கிறது. ஆறுதல் சொல்வேன் என்று நினைத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். பையனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள் (சுருக்கித்தான் போட்டிருக்கிறேன்). அம்மாவைப் பற்றி ஒரே ஒரு வரி. நான் அந்த வரியில்தான் நிற்கிறேன்.

ஏன் அணைக்கிறார்? கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள், ஏனென்றால் பதில் உங்களுக்கே தெரியும். என்றைக்கோ ஒருநாள் ஆபீசிலிருந்து வந்து, 'இதையெல்லாம் ஒரு பாட்டுன்னு கேக்கிறியேம்மா' என்று சொல்லியிருப்பீர்கள். சொல்லாமல் முகத்தைச் சுளித்திருந்தாலும் போதும். பிள்ளையின் முகத்தைப் படிக்க எந்தத் தாய்க்கும் வகுப்பு வேண்டியதில்லை. தன் வீட்டில், தன் அடுப்படியில், செருப்புச் சத்தம் கேட்டதும் கை பட்டனுக்குப் போகிறது. முகநூலில் உங்களை நாலு பேர் திட்டுவது இதற்குமுன் ஒரு பெரிய விஷயமா?

நாடே இப்படி ஒருமுறை ரேடியோவை அணைத்துப் பார்த்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று ஆகாசவாணியில் அதற்கான நேரத்தை வெட்டினார். படத் தயாரிப்பாளர்களோடு தகராறு முற்றி, கடைசியில் சினிமாப் பாட்டே ஏறக்குறைய நின்றுபோயிற்று. சாஸ்திரீய சங்கீதம் நிறையப் போட்டால் ஜனங்கள் திருந்திவிடுவார்கள் என்று கணக்கு. ஜனங்கள் குமிழைத் திருகி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்கி அதே சினிமாப் பாட்டைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டியதாயிற்று. அப்போதும் அமைச்சர் அவர்தான். மனிதர் சங்கீதம் அறிந்தவர், கெட்ட எண்ணமும் கிடையாது. அடுத்தவர் காதுக்குத் தான் காவல்காரன் என்று நினைத்ததுதான் வினை.

உங்கள் அம்மா இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறையாகத்தான் இருப்பார். இசையமைப்பாளர்கள் ஜி.ராமநாதனும் கே.வி.மகாதேவனும் சினிமாவுக்குள் கொண்டுவந்து கொட்டிய ராகங்களைப் பேர் தெரியாமலே மனப்பாடம் செய்துகொண்ட பெண்கள் அவர்கள். 'இது அந்தப் பாட்டு மாதிரியே இருக்குதே' என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் வரும், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆபோகி என்ற பெயர் உங்களுக்கு எப்போது தெரிந்ததோ, எனக்குத் தெரியாது. காது அதற்கு வெகுகாலம் முன்பே, அந்த அடுப்படியில் திறந்துவிட்டது என்று பந்தயம் கட்டுவேன். காதைக் கொடுத்தவளைப் போய் 'ரசனை உள்ளவர்கள் யாரும் இல்லை' என்ற கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. பெற்றவளுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிற மகன்கள் பெருகிவிட்டார்கள். வீட்டில் அவள் தன் இஷ்டத்துக்குச் சத்தமாக இருக்க முடிகிறதா என்று பார்ப்பதும் மகனின் வேலைதான்.

கறாராக எழுதுவது தப்பென்று சொல்ல வரவில்லை. 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் கல்கி எழுதிய இசை விமர்சனத்தில் இல்லாத கறாரா? ஆனால் அதே மனிதர்தான் 1945இல் வந்த 'மீரா' படத்துக்குக் 'காற்றினிலே வரும் கீதம்' எழுதினார். சினிமாவுக்கு எழுதினால் தன் சங்கீத ஞானம் தீட்டுப்பட்டுவிடும் என்று அவர் பயப்படவில்லை. உங்களுக்கு அந்தப் பயம் இருக்கிறது. அதனால்தான் ஒரு பையன் நிஷாதம் என்றதும் அவனுடைய குரு யாரென்று விசாரித்தீர்கள். ஆபோகியில் நிஷாதம் கிடையாது, ஸ்ரீரஞ்சனியில் உண்டு. பாட்டில் அந்த ஸ்வரம் கேட்கிறதா இல்லையா, அவ்வளவுதான் விவகாரம். இதற்கு அவன் யாரிடம் கற்றால் என்ன, கற்காவிட்டால்தான் என்ன? உங்கள் கடிதத்தில் எங்கேயும் 'நிஷாதம் இல்லை' என்று நீங்கள் எழுதவில்லை. அதைக் கவனித்தேன்.

சரி, செய்ய வேண்டியது. இன்று வேலை முடிந்து நேரே அடுப்படிக்குப் போங்கள். அம்மாவின் கை பட்டனுக்குப் போனால், 'வேண்டாம்மா, ஓடட்டும்' என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்காருங்கள். இது என்ன ராகம் தெரியுமா என்று அவருக்குப் பாடம் எடுத்தீர்களோ, அடுத்த கடிதத்துக்கு நான் பதிலே போட மாட்டேன். யார் பாடியது, எந்தப் படம், எந்தக் கொட்டகையில் பார்த்தார் என்று கேளுங்கள். ஒரு நாளில் சரியாகிவிடாது. முதல் வாரம் உங்களைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்.

அந்தப் பையன் விஷயத்துக்கு இரண்டு வரி போதும். எந்தப் பதிவில் தொடங்கியதோ அதன் கீழேயே, 'பாட்டை மறுபடி கேட்டேன், நிஷாதம் இருக்கிறது, நீ சொன்னது சரி தம்பி' என்று எழுதுங்கள். 'இருந்தாலும்' என்று மூன்றாவது வரி ஒன்று வரப் பார்க்கும், அதை அழித்துவிடுங்கள். உங்கள் கோஷ்டியில் சிலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

விமர்சனத்தை விடவேண்டாம், எழுதுங்கள். ராத்திரி பத்து மணியோடு போனைக் கீழே வைத்துவிடுங்கள். உங்கள் மனைவியின் எரிச்சல் நியாயமானது.