ஐஎஸ்ஓ ஆடிட்டுக்குக் கார்பன் அறிக்கை வேண்டுமா?

சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் ஏர்கான் பொருத்தும் நிறுவனம் நடத்தும் வாசகர் கேட்கிறார்: “எங்களிடம் 22 பேர் வேலை செய்கிறார்கள். ஐஎஸ்ஓ 9001 (தரம்), 45001 (வேலையிடப் பாதுகாப்பு) இரண்டும் வைத்திருக்கிறோம். அடுத்த மாதம் ஆடிட். பருவநிலை மாற்றத்துக்குப் புது விதி வந்துவிட்டது, கார்பன் அறிக்கை இல்லாவிட்டால் சான்றிதழ் போய்விடும் என்று கன்சல்டன்ட் 6,000 வெள்ளி கேட்கிறார். கொடுக்கலாமா?”

கொடுக்காதீர்கள்.

2024 பிப்ரவரியில் அனைத்துலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓ முப்பதுக்கும் மேற்பட்ட தரங்களில் இரண்டே வரிகளைச் சேர்த்தது. பருவநிலை மாற்றம் உங்கள் நிறுவனத்தைப் பாதிக்கிற விஷயமா என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டும் என்கிறது பிரிவு 4.1. வாடிக்கையாளர் போன்றவர்களுக்கு அது பற்றி எதிர்பார்ப்பு இருக்கலாம் என்பது 4.2-இல் வரும் வெறும் குறிப்பு. அவ்வளவுதான். கார்பனை அளக்கச் சொல்லவில்லை. கையில் இருக்கும் சான்றிதழை மாற்றவும் வேண்டாம்.

கரிம வரியையும் இதோடு முடிச்சுப் போட்டுப் பயமுறுத்துவார்கள். 2026 முதல் டன்னுக்கு 45 வெள்ளி என்பது உண்மை. ஆனால் அது ஆண்டுக்கு 25,000 டன்னோ அதற்கு மேலோ பசுமை இல்ல வாயுவை நேரடியாக வெளியேற்றும் ஆலைகளுக்கு. உங்கள் கடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இந்த வியாபாரத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. வீடு மாற்றித் தரும் ஒரு நிறுவனத்தின் கோப்பில் “கடல் மட்ட உயர்வால் மீன் கூண்டுகளுக்கு ஆபத்து” என்று எழுதியிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். வேறு யாருக்கோ செய்ததில் பெயரை மட்டும் மாற்றி விற்றிருக்கிறார்கள். வாங்கியவர் அதைப் படிக்கக்கூட இல்லை. “தீர்மானிக்க வேண்டும்” என்று எழுதியவர்கள் சின்ன நிறுவனம் அதை எப்படிச் செய்வது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தால் இந்தக் கொள்ளைக்கு இடமே இருந்திருக்காது.

சரி, “எங்களுக்குச் சம்பந்தமில்லை” என்று எழுதிவிடலாமா? எழுதலாம், தரம் அனுமதிக்கிறது. காரணம் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். ஆனால் நீங்கள் 45001 வைத்திருக்கிறீர்கள், உங்கள் ஆட்கள் மொட்டை மாடியில் கம்ப்ரசரைத் தூக்கிப் பொருத்துகிறார்கள். நீங்கள் அப்படி எழுதக் கூடாது. வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று நான்கையும் சேர்த்து அளக்கும் டபிள்யூபிஜிடி 32 டிகிரியைத் தொட்டால், வெளியில் கடின வேலை செய்பவருக்கு மணிக்கு 10 நிமிடமாவது ஓய்வு தர வேண்டும். 33-ஐத் தொட்டால் 15 நிமிடம். மனிதவள அமைச்சு 2023 அக்டோபரிலேயே சொன்னது இது. மதியம் இரண்டு மணிக்கு அந்த மாடியில் நின்று பார்த்தவர் யாரும் சம்பந்தமில்லை என்று எழுத மாட்டார். சம்பந்தம் உண்டு என்று எழுதியபின் அதை 6.1-இல் அபாயப் பட்டியலிலும் சேர்க்க வேண்டும்: நிழல், தண்ணீர், வேலை நேரத்தை மாற்றுவது, புது ஆளை மெல்ல மெல்ல வெயிலுக்குப் பழக்குவது. இதையெல்லாம் நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பீர்கள், எழுதி வைத்திருக்க மாட்டீர்கள்.

ஆடிட்டுக்கு முன் சூப்பர்வைசரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். வெயில், திடீர் வெள்ளம், மெயின் கான்ட்ராக்டர் ஒப்பந்தத்தில் கார்பன் விவரம் கேட்டிருக்கிறாரா என்ற மூன்றையும் பேசி, கூட்டக் குறிப்பில் தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் கன்சல்டன்டிடம், கார்பன் அறிக்கை வேண்டும் என்று எந்தப் பிரிவில் எழுதியிருக்கிறது, எண்ணைக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.