கனடாவின் வடமேற்கில் இருக்கும் யூக்கான் மலைப் பாதைகளில் மவுண்டன் பைக் ஓட்ட 45 வயதில் போகலாமா? கரடி பயம் உண்டா?

தாராளமாகப் போகலாம். ஆனால் தனியாகப் போகாதீர்கள்.

கேள்வியைப் பார்த்தால், ஊர்ப் பூங்காப் பாதைகளில் ஏற்கனவே ஓட்டிக்கொண்டிருப்பவர், வீட்டில் "இந்த வயசில் எதுக்கு?" என்ற பேச்சையும் கேட்டவர் என்று தோன்றுகிறது. எனக்கும் கிட்டத்தட்ட உங்கள் வயதுதான். கால்கரியில் இருக்கிறேன். கல்லூரியில் படிக்கும் மகளோடு ஜூலையில் யூக்கான் போய் வந்தேன். நான் பந்தயக்காரி இல்லை. ஏறும்போது பாதித் தூரம் தள்ளிக்கொண்டு போகிறவள்தான். அதனால் "இவள் என்ன சொல்ல வந்துவிட்டாள்" என்று நினைப்பவர்கள் தாராளமாக அடுத்த பதிலுக்குப் போகலாம்.

நாங்கள் போனது கார்கிராஸ். யூக்கானின் தலைநகர் வைட்ஹார்ஸிலிருந்து தெற்கே காரில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஊரை ஒட்டி நிற்பது மொன்டானா மலை. இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். யூக்கான் என்றாலே மனிதக் காலடி படாத காடு என்று எழுதுகிறார்கள். படிக்கும்போதே கோபம் வருகிறது. அந்த மலைப் பாதைகளை உருவாக்கியது கார்கிராஸ்-டாகிஷ் பூர்வகுடி மக்களின் பிள்ளைகள். 2006இல் தொடங்கிய வேலை. பதின்வயதுப் பிள்ளைகள் கோடையில் மண்வெட்டியோடு ஏறி, 1900களின் தொடக்கத்தில் வெள்ளிச் சுரங்கத்துக்காகப் போட்ட பழைய தடங்களைச் சீராக்கினார்கள், புதிதாகவும் வெட்டினார்கள். அதில் மவுண்டன் ஹீரோ என்ற பாதைக்கு 2011இல் சர்வதேச மவுண்டன் பைக் சங்கம் சிறந்த பாதைகளுக்குத் தரும் 'எபிக்' அங்கீகாரம் கிடைத்தது. இறங்கி நின்று பாதையைப் பாருங்கள். வெளிப்பக்கமாக லேசாகச் சாய்த்து வெட்டியிருப்பார்கள், மழைத்தண்ணீர் தேங்காமல் வழிந்துவிடும். அது கைவேலை. அவர்கள் மண்ணில், அவர்கள் போட்ட பாதையில் ஓட்டுகிறோம் என்ற நினைப்போடு ஓட்டுங்கள்.

சரி, கரடி. கறுப்புக் கரடி, கிரிஸ்லி என்ற பழுப்புக் கரடி இரண்டும் உண்டு. சைக்கிளுக்கென்று தனி ஆபத்து இருக்கிறது: நடப்பவரைவிட வேகமாகவும் சத்தமில்லாமலும் வருகிறோம். திருப்பத்தில் கரடிக்கு விலகிப் போக நேரம் கிடைப்பதில்லை. 2016இல் அமெரிக்காவின் க்ளேசியர் தேசியப் பூங்கா பக்கத்தில் ஒருவர் வேகமாக வந்து கிரிஸ்லி மீதே மோதி உயிரிழந்தார். "சும்மா பயமுறுத்தாதீர்கள், கரடி தானாக விலகிப் போய்விடும்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். விலகும்தான், நாம் வருவது அதற்குத் தெரிந்தால். நாங்கள் பார்வை மறைகிற ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்து "வழி விடு, வழி விடு" என்று தமிழிலேயே கத்திக்கொண்டு போனோம். கரடியை விரட்டும் காரமான கரடி ஸ்பிரேயை ஃபிரேமில் மாட்டாதீர்கள். விழுந்தால் சைக்கிள் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் கிடப்பீர்கள். இடுப்பில் இருக்கட்டும். விமானத்தில் ஸ்பிரேயை அனுமதிக்க மாட்டார்கள், வைட்ஹார்ஸில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு வந்த சோதனை கரடியால் இல்லை. மரங்கள் எல்லாம் முடிந்து வெறும் பாறையும் பாசியுமாக இருக்கிற உயரத்தில், ஒரு கல் தெறித்து மகளின் சைக்கிளில் பின் டிரெய்லியரில், அதாவது சங்கிலியைக் கியர் மாற்றும் பாகத்தில், அடித்தது. அதை ஃபிரேமோடு பிடித்திருக்கும் ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டு முறிந்து, டிரெய்லியர் ஆரக்கம்பிக்குள் போய் மாட்டிக்கொண்டது. ஜூலைதான், ஆனாலும் காற்றில் விரல் விறைத்தது. காற்று நின்றால் கொசு. பையில் மாற்று ஹேங்கர் இருந்தது. மகள் சக்கரத்தைக் கழற்றிப் பிடித்துக்கொண்டாள். நான் திருகாணியைக் கல்லிடுக்கில் விழாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மாட்டினேன். கியர் முழுதாக ஒத்துழைக்கவில்லை, ஆனால் இறங்கிவிட்டோம். கீழே பென்னட் ஏரி முழுசாகத் தெரிய, அவள் எனக்கு முன்னால் கத்திக்கொண்டே இறங்கினாள்.

அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டேன். வந்த முதல் பதில், "பிள்ளை இப்படிக் கறுத்துப் போயிட்டாளே!" இரண்டாவது, "நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாமா?" மலை உச்சியில் சைக்கிளைப் பழுது பார்த்து இறங்கிய பெண் அவள். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனாலும் மனசு ஆறவில்லை. படித்த அத்தைமார்கள், சித்திமார்கள் யாராவது இதைப் படித்தால், பெண் பிள்ளைகளிடம் இந்தப் பேச்சைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

அப்புறம், ஜூன் தொடக்கத்தில் போக வேண்டாம், மேலே பனி கிடக்கும். ஜூலை, ஆகஸ்ட் நல்லது. ஜூலையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்பதால் அவசரப்பட வேண்டியதில்லை. மலையில் செல்போன் சிக்னலை நம்பாதீர்கள், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று கையில் இருக்கட்டும். ஹேங்கர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒவ்வொரு மாதிரி. புறப்படும் முன்பே உங்கள் சைக்கிள் மாடலைச் சொல்லி வாங்கி, வீட்டில் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடுங்கள்.